பார்த்தவரும் பங்காளிதான்

சென்னை அம்பத்தூரில் ஓர் இளைஞரின் கைப்பேசியில் சிறார் வன்கொடுமைக் காணொலிகள் இருந்தன. அவர் யாருக்கும் அனுப்பவில்லை, தனியாகப் பார்த்தார், அவ்வளவுதானே என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் கொடுக்காமலும் வைத்திருந்தாலே, பகிரும் எண்ணம் இருந்ததாக ஊகிக்க இடமுண்டு என்றது.

‘தனியாகப் பார்த்தால் யாருக்கு நஷ்டம்?’ என்று நம்மிலும் சிலர் கேட்கக்கூடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நாம் பதில் தேடி அம்பத்தூர்வரை போக வேண்டியதில்லை.

ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரர் கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களோடு பழகினார். ஆங்கிலம் சொல்லித் தருகிறார், தேவாலயத்துக்கு வருகிறார், நல்ல பிள்ளை என்று பெற்றோரும் நம்பினார்கள். 2006 முதல் 2014 வரையிலான 71 குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்களில் ஆறு மாதக் கைக்குழந்தையும் உண்டு. 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது.

இதில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று இருக்கிறது. அவருடைய கணினியில் 20,000க்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அவற்றை ஒளித்து வைக்க அவர் எடுக்கவில்லை. இணையத்தின் இருட்டு மூலையில் காத்திருந்த கூட்டத்துக்காக எடுத்தார். அவர் புழங்கிய தளத்தில் புதிது புதிதாகப் படம் போடாதவருக்கு இடமில்லை. அதை நடத்தியவரோ ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர்! அங்கே படம்தான் பணம். கேட்கிறவன் இருந்ததால் இன்னொரு படம், இன்னொரு படத்துக்காக இன்னொரு குழந்தை. யாரையும் தொடாமல் அறைக்குள் உட்கார்ந்திருப்பவனும் அந்தச் சந்தையின் வாடிக்கையாளன்தான்.

குழந்தையின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பெண்ணைச் சிறுமியாக இருந்தபோது சொந்த மாமாவே சீரழித்துப் படமெடுத்தார். அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றுவது அவருக்குத் தெரியவந்தது 17 வயதில். தேறி வந்துகொண்டிருந்தவர் மறுபடி உடைந்தார். அவர் படம் யாரிடமாவது சிக்கி வழக்காகும்போதெல்லாம் அவருக்குத் தகவல் வரும். மாமா சிறைக்குப் போனதோடு அந்தப் பெண்ணின் துன்பம் முடியவில்லை. படத்தை வைத்திருந்தவரும் தன் பங்குக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஹக்கல் விவகாரம் வெடித்த பிறகுதான் நம் நாடு விழித்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவர்களின் இத்தகைய படத்தை எடுத்தால் 30 ஆண்டுகள் வரை சிறை. வைத்திருந்தால் ஐந்தாண்டுகள் வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். நடுவில் நிற்கும் அந்த ‘அல்லது’ நமக்கு உறுத்துகிறது. பழைய மைவி கார் ஒன்றின் விலையைக் கட்டிவிட்டு ஒருவர் வெளியே வர வழி இருக்கிறது. நாடாளுமன்றம் இதை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

நல்லவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. “இந்தக் கயவனைப் பிடிக்கும் வரை பகிருங்கள்” என்ற வரியோடு புலனத்தில் ஒரு காணொலி வரும். பள்ளிப் பெற்றோர் குழுவிலிருந்து கோயில் குழு, அங்கிருந்து குடும்பக் குழு. மேருவில் காலையில் வந்தது மதியத்துக்குள் பிரிக்பீல்ட்ஸ் போய்விடும். அனுப்புகிற அக்காவுக்கும் அண்ணனுக்கும் கோபம் உண்மைதான். ஆனால் கயவனின் முகத்தோடு அந்தப் பிள்ளையின் முகமும் உடம்பும் ஊர் முழுக்கப் போகிறது. நாளை அதே பிள்ளை அதே கோயிலுக்கு வர வேண்டாமா?

அப்படி வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், காவல் நிலையத்துக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டும் அனுப்பாதீர்கள். கைப்பேசியோடு நேரில் போய்ப் புகார் கொடுங்கள். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணையும் அழைக்கலாம். நமக்கேன் வம்பு என்று ஒதுங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் என்று இதே சட்டத்தில் இருக்கிறது.