எல்லைப் பள்ளிக் கணினியில் எவருடைய முடிவு?

புது தில்லி: களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அதே சாலையில் சற்றுத் தொலைவில் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை தாலுகாவோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் மொழி உரிமை என்றால் பாடநூல், ஆசிரியர் நியமனம், அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனு ஆகியவையே இதுவரை பேசப்பட்டு வந்துள்ளன. பள்ளிக் கணினியில் இயங்கும் மென்பொருளையும் இனி அதனுடன் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும் மென்பொருளைப் பள்ளிகளில் பரப்பியதில் கேரளம் முன்னோடி. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001-ல் தொடங்கி வைத்தது திருவனந்தபுரத்தில்தான். அதே காலத்தில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தை 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கணினிகளில் நிறுவுவதால் ரூ.3,000 கோடி மிச்சமாகும் என்று 2019-ல் கைட் மதிப்பிட்டது. பாராட்ட வேண்டிய செயல், ஐயமில்லை. ஆனால் விலையில்லாமல் கிடைப்பது வேறு, அதன் நிர்வாகத்தில் குரல் கிடைப்பது வேறு.

கைட் தரும் தளம் உபுண்டுவிலிருந்து வருகிறது. உபுண்டு, டெபியன் என்ற தன்னார்வலர் திட்டத்திலிருந்து பெரும்பகுதியைப் பெறுகிறது. இவ்விரண்டின் ஆட்சிமுறையும் ஒன்றல்ல. டெபியனுக்கு 1998 முதல் எழுதப்பட்ட அரசியல் சாசனம் உண்டு. தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். நிரல் எழுதாமல் மொழிபெயர்ப்பு, ஆவணப் பணி செய்பவர்களையும் முழு உறுப்பினர்களாக ஏற்பதென 2010-ல் அது வாக்கெடுப்பின் மூலம் தீர்மானித்தது. உபுண்டுவிலோ இறுதிச் சொல் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கனானிக்கல் நிறுவனத்தினுடையது. திரையின் தோற்றத்தையே மாற்றிய 'யூனிட்டி'யை 2011-ல் அது புகுத்தியது. 2017-ல் கைவிடுவதாக அறிவித்தது. உலகெங்கும் இருந்த பயனாளர்களை யாரும் வாக்கெடுப்புக்கு அழைக்கவில்லை.

நிறுவனங்களுக்கு மேலே அரசுகளும் இருக்கின்றன. லினக்ஸ் கருநிரலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷியாவுடன் தொடர்புடைய சிலர் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டனர். பொருளாதாரத் தடைச் சட்டங்களுக்கு இணங்குவதே அதற்குக் காரணம். எல்லோருக்கும் பொது என்று சொல்லப்படும் சொத்தின் வாசலில் வேறொரு நாட்டின் சட்டம் காவல் நிற்கிறது என்பதைத் தில்லி அப்போது கவனித்திருக்க வேண்டும். திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை கொள்முதலைப் பற்றியது, நிர்வாகத்தைப் பற்றியதல்ல.

பிடிக்காவிட்டால் நிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகலாமே என்பது வழக்கமான பதில். ஓப்பன் ஆபீஸ் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனபின் 2010-ல் லிப்ரே ஆபீஸ் அப்படித்தான் பிரிந்தது. பிரிந்தவர்கள் கைதேர்ந்த நிரலாளர்கள். பாறசாலையின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவ்வாறு பிரிந்து போக முடியாது.

எழுத்துப் பலகையையே எடுத்துக்கொள்வோம். 1999-ல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' ஒன்று; மத்திய அரசு எல்லா இந்திய மொழிகளுக்கும் வகுத்த 'இன்ஸ்கிரிப்ட்' மற்றொன்று. எது முதலில் வந்து நிற்க வேண்டும் என்பதைப் பள்ளிகளுக்குத் தளம் வழங்கும் திருவனந்தபுரமே தீர்மானிக்க முடியும். சென்னை, தில்லி, திருவனந்தபுரம் என மூன்று தலைநகரங்களுக்கு இதில் பங்கு உண்டு. விசையை அழுத்தும் மாணவிக்கு இல்லை. கிரந்த எழுத்துத் தொகுதியில் சில தமிழ் எழுத்துகளைச் சேர்க்கும் யோசனை 2010-ல் யூனிகோடு அமைப்பின் முன் சென்றபோது, முதல்வராக இருந்த மு.கருணாநிதியே மத்திய அரசுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. எல்லைக் கிராமத்துப் பெற்றோரின் கடிதத்துக்கு அத்தகைய செவி வாய்க்காது.

அப்படியானால் பயனாளர் அனைவருக்கும் வாக்கு அளித்துவிடலாமா? அது ஆபத்து. எக்ஸ்.இசட் என்ற சிறு மென்பொருளைத் தனியொருவராகப் பராமரித்து வந்தவரைப் பயனாளர்கள் என்ற பெயரில் சிலர் இடைவிடாது நெருக்கினர். அயர்ந்துபோன அவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட ஆளே அதில் ரகசியப் புறவாசல் வைத்தது 2024 மார்ச்சில் அம்பலமாயிற்று. உழைக்காதவர்கள் உழைப்பவர் மீது செலுத்தும் அதிகாரம் ஜனநாயகம் ஆகாது. நிரலை எப்படி எழுதுவது என்பதை எழுதுபவர்களே முடிவு செய்யட்டும்.

ஆனால் அரசு வழங்கும் தளத்தை மாணவர் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. பாடத்திட்டத்தின் கட்டாயத்தால் பயன்படுத்துகின்றனர். கட்டாயம் உள்ள இடத்தில் கலந்தாலோசனையும் இருந்தாக வேண்டும். எந்த மொழி, எந்த விசைப்பலகை, எந்தக் கலைச்சொல் என்ற அளவிலாவது தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குக் கைட் அமைப்பில் நிலையான இடம் தரலாம். இதற்குப் புதிய தத்துவம் தேவையில்லை. அச்சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது. 1990-களில் அரசு ஆரம்பப் பள்ளிகளின் பொறுப்பு கிராம ஊராட்சிகளுக்கு மாற்றப்பட்டது. பள்ளிக் கட்டடத்தில் குரல் உள்ள ஊராட்சிக்கு, பள்ளிக் கணினியில் மட்டும் குரல் இல்லாதிருப்பது விந்தை.

தில்லிக்கும் பங்குண்டு. அரசியல் சாசனத்தின் 350-பி பிரிவின் கீழ் செயல்படும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர், பாடநூல் கிடைக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று மாநிலங்களைக் கேட்கிறார். மென்பொருள் பற்றியும் ஒரு வரி கேட்கலாம். கைட் 2024-ல் வெளியிட்ட தளத்துக்கு அடிப்படையான உபுண்டு 22.04 பதிப்பின் வழக்கமான ஆதரவு 2027-ல் முடிகிறது. அடுத்த பதிப்பில் எவை இடம்பெறும் என்பது அதற்குள் தீர்மானிக்கப்பட்டாக வேண்டும்.