காப்பகம் ஒன்றும் அடகுக்கடை இல்லை சார்!

போன ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியில் ஒரு நண்பர் வீட்டு கிரகப்பிரவேசம். கொச்சியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஒரு முப்பது பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்த மதுரைக்காரர் ஒருவர் குமுறிக் கொண்டிருந்தார். குர்காவுனுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகிவிட்டதாம். வீட்டில் ஆறு வயசு லேப்ரடார் இருக்கிறதாம். இங்கே ஒரு காப்பகத்தில் கொண்டு போய் விடப் போனால், "இடமில்லை" என்று கேட்டைக்கூடத் திறக்கவில்லையாம். அஞ்சாயிரம் ரூபாய் டொனேஷன் தருகிறேன் என்று சொல்லியும் மசியவில்லையாம்.

அவ்வளவுதான், பந்தி முழுக்கச் சேர்ந்து கொண்டது. இந்த ஊர் ஆட்களுக்கு இரக்கமே இல்லை, காப்பகம் என்று போர்டு வைத்துக் கொண்டு காசு பார்க்கிறார்கள், நாய் டாக்டர்கள் எல்லாம் பகல் கொள்ளை... இப்படி பாயசம் வரும் வரை ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை. கிரகப்பிரவேச வீட்டில் சண்டை வேண்டாமே என்றுதான். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்த வங்கிக்காரன். நாய் பூனை விஷயத்தில் நிபுணன் கிடையாது. வல்லார்பாடத்தில் குடியிருக்கிறேன். (2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வரும் வரை எர்ணாகுளத்திலிருந்து இங்கே வர படகுதான். இப்போது கண்டெய்னர் லாரி.) வீட்டில் கருப்பி என்று ஒரு நாட்டு நாய், கண்டெய்னர் ரோட்டோரத்தில் குட்டியாகக் கிடைத்தது. சொந்த ஊர் சின்னாளபட்டி. மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். ஆகவே எங்கள் கிளையில் என் சொந்த ஊரைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரு முறை சிரித்தாகிவிட்டது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்த அஞ்சாயிரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. ஒரு லேப்ரடாருக்கு சோறு, கோழி என்று நாளைக்கு நூறு ரூபாய் என்றே வையுங்கள். அஞ்சாயிரம் ஐம்பது நாளைக்கு வரும். ஆறு வயசு நாய் இன்னும் அஞ்சு வருஷமாவது இருக்கும். ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் சாப்பாடு மட்டும். ஊசி, மருந்து, கூண்டு கழுவுகிற ஆள் கூலி எல்லாம் தனி. இதே கணக்கில் ஒரு பார்ட்டி நம்மிடம் வந்து, "அஞ்சாயிரம் கட்டிவிட்டேன், மிச்சத்தை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள், நான் குர்காவுன் போகிறேன்" என்றால் நம் பாஷையில் அவருக்கு என்ன பெயர்? வில்ஃபுல் டிஃபால்டர். அவர் ஊரைக் காலி செய்த பிறகு மேனேஜருக்கு இரக்கமில்லை என்று யாராவது சொல்வார்களா?

இன்னொரு குழப்பத்தையும் பந்தியில் கேட்டேன். "அதான் பிரம்மபுரத்தில் கார்ப்பரேஷனே நாய்களுக்கு இடம் வைத்திருக்கிறதே, அங்கே விட வேண்டியதுதானே" என்றார் ஒருவர். ஐயா, அது கருத்தடை மையம். 2001-ம் வருட விதிகளும் சரி, அதற்குப் பதிலாக 2023-ல் வந்த புது விதிகளும் சரி, சொல்வது ஒன்றுதான். தெருநாயைப் பிடி, கருத்தடை செய், வெறிநாய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே கொண்டு போய் விடு. அங்கே நாய்க்குத் தங்கல் சில நாட்கள்தான். உங்கள் சோபாவில் படுத்த லேப்ரடாரை அதில் சேர்த்தால், அதை எந்தத் தெருவில் கொண்டு போய் விடுவது?

இந்தியாவில் தங்க வைக்கும் இடம் எவ்வளவு என்பது 2025-ல் ஊருக்கே வெளிச்சமாகிவிட்டது. ஆகஸ்ட் 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடை என்றது. இத்தனை நாய்க்குக் காப்பகம் எங்கே என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. பதினோரு நாளில், 22-ம் தேதி, ஊசி போட்டுப் பழைய இடத்திலேயே விடு, வெறி பிடித்ததையும் கடிக்கிறதையும் மட்டும் அடைத்து வை என்று உத்தரவு மாறியது. தலைநகரத்தின் கதை இது. இங்கே நாலு தகரக் கொட்டகை போட்டு, நன்கொடையில் ஓட்டுகிறவரிடம் போய் நாம் கோபித்துக் கொள்கிறோம்.

இடம் இருந்தாலுமே அவர்கள் யோசிப்பார்கள். பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. ஒரு குட்டிக்கு வந்தால் கொட்டகையையே காலி செய்யும், தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி விவரம் தெரியாத நாயை உள்ளே விடுவது, கே.ஒய்.சி. இல்லாமல் அக்கவுண்ட் திறக்கிற கதைதான்.

கையாலாகாத நேரத்தில் சிலர் செய்வது இன்னும் மோசம். காரில் ஏற்றி, பாலத்தைத் தாண்டி, கதவைத் திறந்து இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கண்டெய்னர் ரோட்டில் கழுத்துப் பட்டையோடு ஓடுகிற நாய்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு காரையும் நின்று பார்க்கும். பட்டியில் திறக்காத கேட்டுக்காகக் கோபப்பட்டவர்கள் இதற்கு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டம் இருக்கிறது. 1960-ம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ம் பிரிவு. பசியாலும் தாகத்தாலும் தவிக்கும் நிலையில் ஒரு பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய், அதிகபட்சம் ஐம்பது! நம் கணக்கில் மினிமம் பேலன்ஸ் குறைந்தால்கூட அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கிறோம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இரக்கம் இல்லை என்று சொன்னவர்களுக்கு ஒன்று. 2021 ஜூனில் திருவனந்தபுரத்துப் பக்கம் அடிமலத்துறை கடற்கரையில் புரூனோ என்கிற லேப்ரடாரை அடித்துக் கொன்றார்கள். அதே வருஷம் ஜூலையில் நமக்குப் பக்கத்தில் திருக்காக்கரையில் தெருநாய்களைக் கூட்டமாகக் கொன்ற சம்பவமும் வெளியே வந்தது. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த புரூனோவின் பெயரிலேயே வழக்கைத் தானாக எடுத்து நடத்தியதும் இதே கேரள உயர் நீதிமன்றம்தான். 2020 ஏப்ரல் ஊரடங்கில் கொச்சிக்காரர் ஒருவர் பூனைக்கு பிஸ்கட் வாங்கப் போக போலீஸ் பாஸ் தரவில்லை என்று கோர்ட்டுக்குப் போனார். போகலாம் என்று தீர்ப்பு வாங்கி வந்தார். 2022 மார்ச்சில் உக்ரைன் போரிலிருந்து தன் ஹஸ்கி நாயைத் தூக்கிக் கொண்டு எல்லை தாண்டி வந்த மாணவி இடுக்கி மாவட்டத்துப் பெண். குண்டு விழுகிற ஊரிலிருந்து நாயைக் கொண்டு வரலாம், கொச்சியிலிருந்து குர்காவுனுக்கு முடியாதா?

இதையெல்லாம் எழுதுகிற உரிமை எனக்கு உண்டா என்று கேட்டால், கொஞ்சம் குறைவுதான். 2009-ல் திருச்சியிலிருந்து லக்னோவுக்கு மாற்றல் வந்தது. அப்போது மணி என்று ஒரு வெள்ளை நாய் வைத்திருந்தோம். லக்னோவுக்கு எப்படிக் கொண்டு போவது என்று ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை. ஒரு காப்பகத்தில் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்து, இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, ரசீது வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டேன். ஒரு கணக்கை முடித்த திருப்தி. பதினாலாம் நாள் போன் வந்தது. "சார், சாப்பிடவே இல்ல சார். நாங்களும் எல்லாம் பண்ணிப் பாத்தோம். இன்னிக்குக் காலையில போயிடுச்சு." கிளையில் ஆடிட் நடந்து கொண்டிருந்தது. நான் "சரிங்க" என்று வைத்துவிட்டேன். அந்த ஆள் அழுது கொண்டிருந்தார், நான் அழவில்லை. வீட்டில் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆயிற்று.

அந்தக் காப்பகத்தின் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தப்பு ரசீது வாங்கியவன் மேல்.

டாக்டர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதில் பந்தியோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. பீஸ் அதிகம் என்பது பெரிய புகாரில்லை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நாய்க்கு மட்டும் மலிவாக வருமா? இன்ஷூரன்ஸும் பெரும்பாலோரிடம் இல்லை, அதனால் முழுப் பணமும் கையை விட்டுப் போவதால் உறைக்கிறது. என் சண்டை காகிதத்தைப் பற்றி.

போன மழைக்காலத்தில் கருப்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. நகரத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டு போனேன். இரண்டு ஊசி போட்டார்கள், ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். என்ன நோய், என்ன ஊசி, ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல் திரும்ப ஏறியது. அந்த கிளினிக்கில் போன் எடுக்க ஆளில்லை. வேறொரு டாக்டரிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "முன்னாடி என்ன ஊசி போட்டாங்க?" நான் பேந்தப் பேந்த விழித்தேன். வலி மருந்து போட்டிருந்தால் அதன் மேல் ஸ்டீராய்டு போடக்கூடாதாம், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியுமாம். ஆகவே தெரியாமல் எதையும் போட முடியாது என்று ரத்தம் எடுத்து, உண்ணிக் காய்ச்சல் என்று உறுதி செய்து, ஆரம்பத்திலிருந்து வைத்தியம் பார்த்தார். பிழைத்துக் கொண்டது. ஒரு ராத்திரி வீண், அது போயிருக்கலாம்.

வங்கியில் சேவைக் கட்டணப் பட்டியலைக் கிளையில் வைத்தாக வேண்டும். புகாரென்றால் 1995-லிருந்து ஓம்புட்ஸ்மன் இருக்கிறார். மனிதர்களுக்கான மருத்துவமனைகளுக்கு 2010-ல் மத்தியச் சட்டம் வந்தது, 2018-ல் கேரளமும் தனிச் சட்டம் போட்டது, கட்டணத்தைக் காட்சிக்கு வை என்கிறது. மிருக வைத்தியம் பார்ப்பவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்று 1984-ம் வருடச் சட்டம் சொல்கிறது, நல்லது. ஆனால் என்ன செய்தோம் என்று எழுதிக் கொடு என்று நாம் கேட்பதில்லை. மருந்துக் கடையில் பில் கேட்கிறோம், இங்கே கேட்கக் கூச்சப்படுகிறோம். கேளுங்கள் ஐயா! நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, தேதி. நாலு வரி. தர மறுக்கிற இடத்துக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள்.

மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிற நமக்கு இது ரொம்ப முக்கியம். கணக்கை வேறு கிளைக்கு மாற்றினால் லெட்ஜர் கூடவே போகும், நாய்க்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் லெட்ஜர். அதைவிட முக்கியம் வெறிநாய்க்கடி. 2022-ல் பத்தனம்திட்டையில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, கடிபட்டு ஊசிகள் போட்ட பிறகும் இறந்து போனாள். கடித்தது தெருநாய். அதற்குப் பிறகு இங்கே எந்தக் குழந்தையை எந்த நாய் பிராண்டினாலும் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்புதான். புண்ணை சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசியைத் தொடங்குவார்கள். கூடவே கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பார்கள். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் வெறி இல்லை என்று நிம்மதி. பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்ட நாயை யார் கண்காணிப்பது? அதன் ஊசிப் புத்தகம் குர்காவுனில் ஏதோ ஒரு அட்டைப் பெட்டியில் இருக்கும், அடுத்த வருஷ ஊசியும் போட ஆளிருக்காது.

"வீட்டுக்காரர் விடமாட்டார் சார்" என்பீர்கள். குடியிருப்போர் சங்கம் பைலாவில் எழுதி நாய் பூனையைத் தடை செய்ய முடியாது என்று 2021-லேயே கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனி வீட்டு உரிமையாளர் மாட்டேன் என்றால் கஷ்டம்தான், நாலு வீடு கூடுதலாக ஏறி இறங்க வேண்டும். ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூபேயை முழுசாக எடுத்தால் கூடவே கொண்டு போகலாம், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு உண்டு. செலவுதான். எங்கள் மாற்றல் படிவத்தில் ஸ்கூட்டருக்கும் காருக்கும் கட்டம் இருக்கிறது, நாய்க்கு இல்லை. கைக்காசுதான். அதற்கும் வழியில்லையென்றால் தெரிந்த வீடாகப் பார்த்து மாற்ற வேண்டும். அதற்கு மூணு மாசமாவது ஆகும். லாரி வந்து நிற்கிற அன்றைக்குக் காப்பகத்தின் கதவைத் தட்டிவிட்டு இரக்கம் பேசக்கூடாது.

எனக்கும் வருகிற மே மாதம் மூன்று வருஷம் முடிகிறது. எந்த ஊர் என்று தெரியவில்லை. கருப்பிக்கு பழக்கம் வரட்டும் என்று ஒரு கூண்டு வாங்கி ஹாலில் வைத்திருக்கிறோம். அதற்குள் என் மகள் தன் புத்தகங்களை அடுக்கியிருக்கிறாள்.

மதுரைக்காரரின் லேப்ரடார் வியாழக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிறது. நான்தான் போன் செய்தேன். ஜூன் வரை, அதற்குள் அங்கே வீடு பார்த்து வந்து கூட்டிப் போக வேண்டும் என்று எழுதியே வாங்கிக் கொண்டேன் (வங்கிக்காரன்!). இரண்டு நாளாக கேட்டுப் பக்கமே படுத்திருந்தது, நேற்று ராத்திரி கொஞ்சம் தயிர் சாதம் சாப்பிட்டது. ஊசிப் புத்தகத்தை மட்டும் அவர் இன்னும் தரவில்லை. கேட்டால், "எங்கேயோ பேக் பண்ணிட்டோம் சார், தேடித் தரேன்" என்கிறார்.