மாட்டுப் பண்ணையிலிருந்து பல்கலைக்கழகம் வரை



நம் தோட்டங்களிலும் பட்டணத்து வீடுகளிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக் கூடும். கணக்கைக் கரைத்துக் குடித்திருக்கும். ஆனால் முகம் பார்த்துப் பேசாது. திருவிழாவில் உறுமி மேளம் முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். வளர்ந்து ஆளான பிறகும் அப்படியே இருந்தால், "திமிர்" என்பார்கள் சிலர். "ஒரு கல்யாணத்தைக் கட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள் வேறு சிலர்.

இவர்களில் சிலருக்கு ஆட்டிசம் இருக்கலாம். மூளை பிறவியிலேயே வேறு விதமாக அமைந்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தாயின் பாசக் குறைவே காரணம் என்று பிற்பாடு சிலர் பழி சுமத்தினார்கள். அது தவறு என்று ஆராய்ச்சிகள் ஒதுக்கித் தள்ளிவிட்டன. ஆகவே தாய்மார்களே, உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

இப்படிப் பிறந்தவர் உத்தியோகம் பார்த்து, நூல் எழுதி, தன் வாழ்க்கையையும் நடத்த முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த டெம்பிள் கிராண்டின் அம்மையார்.

1947இல் பிறந்த அவருக்கு மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. காப்பகத்தில் சேர்த்துவிடும்படி யோசனை சொன்னார்கள். தாயார் கேட்கவில்லை, பேச்சுப் பயிற்சி கொடுத்தார், வந்தவரை வரவேற்கப் பழக்கினார். பள்ளி மணி அடித்தாலே அந்தப் பிள்ளைக்குக் காது வலிக்கும். சொரசொரப்பான துணி பட்டாலே மேனி எரியும்.

பதினைந்து வயதில் அத்தையின் மாட்டுப் பண்ணைக்குப் போனார். அங்கே ஊசி போடுவதற்காக மாடுகளை இரு பலகைகளுக்கு நடுவே மெல்ல அழுத்திப் பிடிப்பார்கள். மிரண்ட மாடும் அடங்கிவிடும். தாமும் அதற்குள் நின்று பார்த்தார், பதற்றம் தணிந்தது. பதினெட்டாவது வயதில் தமக்கென்று ஒரு கருவியே செய்துகொண்டார். மற்றவர்கள் முகம் சுளித்தபோது, பள்ளியின் அறிவியல் ஆசிரியர் மட்டும், "இது ஏன் மனத்தை அமைதிப்படுத்துகிறது? நீயே ஆராய்ந்து பார்" என்று தூண்டினார். அங்கேதான் படிப்பில் பிடிப்பு வந்தது.

மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும்: தரையில் நிழல் விழுந்தால், வேலியில் சட்டை தொங்கினால் மாடு மிரளும். அம்மையார் மாடு போகும் பாதையிலேயே போய், மாட்டின் கண் எட்டும் உயரத்தில் பார்த்து இதைக் கண்டறிந்தார். இறைச்சிக்குப் போகும் மாடாயினும் அஞ்சி நடுங்கக் கூடாது என்று வளைந்த பாதைகளை வரைந்து கொடுத்தார். 1989இல் டாக்டர் பட்டம். 1990 முதல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி.

எல்லாவற்றையும் எப்படிச் சமாளித்தார்?

கூட்டத்தில் எப்படி நடப்பது என்பது மற்றவர்களுக்குத் தானாக வரும், அவருக்கு வராது. கண்டவற்றை ஒளிநாடாபோல் மனத்தில் சேர்த்துவைத்து, "முன்பு இப்படி ஒரு சமயத்தில் என்ன செய்தார்கள்?" என்று ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எழுத்தும் எளிதல்ல; அவர் சிந்திப்பதே படங்களாக, சொல் பிறகுதான் வரும். 1986இல் வந்த முதல் நூலை இன்னொரு பெண் எழுத்தாளரின் துணையோடு எழுதினார். உதவி கேட்பதை இழிவாக நினைக்கவில்லை. அடிக்கடி வந்த பீதிக்கு டாக்டரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டார்.

திருமணம்? தமக்கு ஒத்துவராது என்று தாமே தீர்மானித்தார். வேலையிலும், அதே வேலையில் ஆர்வமுள்ள நண்பர்களிடமும் நிறைவு கண்டார். ஆட்டிசம் உள்ள வேறு பலர் மணந்து பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். முடிவு அவரவருடையது, ஊரார் வாய்க்குப் பயந்து நாம் கட்டிவைப்பதல்ல.

நம் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் தனியே விடுங்கள். விருந்தாளி வருவதை முன்கூட்டியே சொல்லுங்கள். "கொஞ்சம் ஒத்தாசை செய்" என்று மொட்டையாகச் சொல்லாமல், இன்ன வேலை, இன்ன நேரத்துக்குள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கைவந்த கலையை வளர்க்க விடுங்கள்.

மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் சட்டப்படி, டாக்டர் உறுதி செய்தால், பெரியவர்களும் சமூக நல இலாகாவில் பதிந்து மாற்றுத் திறனாளி அட்டை பெறலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மிரளும் மாட்டை அடித்து ஓட்டுவதைவிட, வழியில் கிடக்கும் சங்கிலியை எடுத்துவிடுவது மேல் என்றார் அம்மையார். நம் பிள்ளைகளின் வழியில் கிடப்பது எது என்று இன்றைக்கே பார்ப்போமா?