சாவி யார் கையில்?



கொஞ்சம் நீளமான பதிவு. அறக்கட்டளை, முன்னாள் மாணவர் சங்கம், அன்னதானக் குழு என்று எதிலாவது பொறுப்பில் இருப்பவர்கள் முழுவதும் படித்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளை, பெயர் வேண்டாம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டி வந்தார்கள். ஒரு ரூபாய் கணக்குப் பிசகாது. திடீரென்று செயலாளர் காலமானார். நன்கொடையாளர் பட்டியல் அவருடைய லேப்டாப்பில். மின்னஞ்சல் அவர் பெயரில். வலைத்தளத்துக்கு ஆண்டுதோறும் பணம் போனது அவருடைய கார்டிலிருந்து. ஓடிபி வருவதும் அவருடைய செல்போனுக்கே. துக்க வீட்டில் போய் பாஸ்வேர்டு கேட்க யாருக்கு மனம் வரும்? அந்த ஆண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டும்போது கடைசித் தேதி தாண்டிவிட்டது.

பணமும் மனமும் இருந்தன. சாவிதான் இல்லை.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனால், சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பீரோ சாவி வரை எழுதி, கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். சங்கங்களில் இந்தப் பழக்கம் கணினிக்கு மட்டும் ஏன் இல்லை?

"பாஸ்வேர்டு கேட்டால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்பாரே" என்கிறார்கள். காசோலையில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோமே, அதற்கு யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? இதுவும் அப்படித்தான்.

மென்பொருள் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் ஆசையாக ஓர் ஆப் செய்து தருகிறீர்கள். பெரிய மனசு. ஆனால் உங்களுக்கு வேலை மாறி, குழந்தை பிறந்து, நேரமில்லாமல் போனபின் அதை யார் பார்ப்பார்கள்? பொருளாளரே நடத்தக்கூடிய ஓர் எக்செல் கோப்பு போதுமென்றால் அதையே செய்து கொடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதையும் நம்பி இருந்துவிடக் கூடாது. எத்தனையோ குழுக்கள் கூடிப் பேசிய யாகூ குரூப்ஸ் 2020-இல் மூடப்பட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ இன்றும் இருக்கிறது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்கள் அவை. எழுத்துருக் குறியீடு மாறியபோது, பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைத்தார்கள். தொழில்நுட்பத்தைப் பராமரிப்பது என்றால் இதுதான்.

இன்னொன்று. உதவி பெறும் பிள்ளையின் படம், மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். 2023-இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும். தன் வறுமை இருநூறு பேர் செல்போனில் கிடப்பதை எந்தப் பிள்ளை விரும்பும்?

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகள் கேளுங்கள். வலைத்தள முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? கியூஆர் கோடில் போடும் பணம் சங்கத்தின் கணக்குக்குப் போகிறதா, தனிநபர் கணக்குக்கா? பாஸ்வேர்டு தெரிந்த இரண்டாவது ஆள் யார்? பட்டியலுக்கு வேறிடத்தில் நகல் உண்டா? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாமல், உறையிலிட்டு முத்திரை வைத்துப் பீரோவில் வையுங்கள்.

நம்மை நம்பி ஜூன் மாதம் கட்டணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு நம் கடவுச்சொல் தகராறு தெரிய வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்