மதிய இசையும் மடுவத்துத் தராசும்

நண்பகலில் மரபிசைக் கச்சேரி, அனுமதி இலவசம், அனைவரும் வருக! உலகெங்கும் நூதனசாலைகள் இவ்வாறு அழைப்பு விடுக்கின்றன. கலையைச் சீமான்களின் மாளிகையிலிருந்து மக்களிடம் கொண்டுவரும் முயற்சி இது. இதனை நாம் பழிக்கவில்லை. அந்த 'அனைவரும்' என்னும் சொல்லுக்குள் அடங்குவோர் யாவர் என்று மட்டும் கேட்கிறோம்.

1939 அக்டோபரில், போர்க்கால இலண்டனில், ஓவியங்கள் பாதுகாப்புக்காக அகற்றப்பட்டிருந்த தேசிய ஓவியக்கூடத்தில், பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். அவை 1946 வரை நடைபெற்றன. இலவசமல்ல, ஒரு ஷில்லிங் கட்டணம். ஆயினும் காரியாலய ஊழியரும் படைவீரரும் திரண்டு வந்தனர். காரணம் என்ன? அவர்களுக்கு மதிய இடைவேளை என்று ஒன்று இருந்தது. நடந்து செல்லும் தூரத்தில் மண்டபமும் இருந்தது. சென்னையின் மார்கழி இசைவிழாவில் பல சபாக்கள் பகற் கச்சேரிகளைக் கட்டணமின்றி நடத்துகின்றன. இளங்கலைஞருக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் பகலில் வேலைக்குச் செல்லாமல் இருக்கக்கூடியவருக்கே அந்த இலவசம் கிட்டுகிறது.

இனி ஊவாவுக்கு வருவோம். பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நண்பகல் எத்தகையது? மலையிறங்கி, மடுவத்தில் கொழுந்தை நிறுத்து, பிள்ளைக் காம்பராவிலுள்ள குழந்தைக்குப் பாலூட்டி, அள்ளிப்போட்டு உண்டு, மீண்டும் மலையேற வேண்டும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான். நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்வதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது! அவள் பதுளை நகருக்கு பஸ் ஏறி இசை கேட்டுத் திரும்பினால் அன்றைய பேர் போய்விடும். வாசலில் வாங்காத கட்டணத்தை மடுவத்துத் தராசு வாங்கிக்கொள்கிறது. இதற்கா இலவசம் என்று பெயர்?

மரபு யாருடையது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்ட, நம் முன்னோர் ஆயிரமாயிரமாய்க் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அவர்களிடம் காட்சிக்கு வைக்கத்தக்க பொருள் ஏதுமில்லை. நெஞ்சில் பாட்டும் கையில் தப்பும் இருந்தன. அந்தத் தப்பை விடியலில் முழக்கித்தான் தோட்ட நிருவாகம் அவர்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. அதே தப்பைத் தீயிற் காய்ச்சி, மாசி நிலவில் காமன் கூத்துக்கு அவர்கள் முழக்கினர். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் லயத்து முற்றங்களில் விடிய விடிய நடந்தன. சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியிராவிடில் இன்னும் எத்தனை அழிந்திருக்கும்! 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன, அவற்றோடு கூத்தும் பாட்டும் பிரிந்தன.

"அந்தத் தப்பை நூதனசாலை மேடையில் ஏற்றினால் மதிப்பு வருமே" என்பார் சிலர். தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் வரலாம். அடிப்பவருக்கு வருமா? சாவுக்கு அவரை அழைத்து, நல்ல காரியத்தன்று படிக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் ஒழியாதவரை மண்டபத்துக் கைதட்டல் வெறும் ஓசையே. தன் தந்தை தப்படிப்பவர் என்று வகுப்பிற் சொல்லக் கூசும் மாணவரை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அந்தக் கூச்சத்தை அவனுக்குக் கற்பித்தது சாதி. அதைப் போக்காமல் கலையை மட்டும் காப்பாற்ற முடியாது. மகன் தொடக் கூசும் கருவி, தந்தையோடு மௌனமாகிவிடும். பின்னர் அது கண்ணாடிப் பெட்டிக்குத்தான் உதவும்.

ஆகவே நாம் கேட்பது இது. இசையைத் தேடித் தொழிலாளி நகருக்கு வரவேண்டாம். நூதனசாலை பிரட்டுக்களத்துக்கு வரட்டும். மாதம் ஒரு நண்பகல், கூலி குறையாத ஒரு மணி நேரம், வேலைநேரமாகவே கணக்கிடப்படட்டும். கலைஞருக்குப் பொன்னாடையோடு நிறுத்தாமல் உரிய சன்மானத்தைக் காசாகக் கொடுங்கள். அவர் பாட்டைப் பதிவு செய்யும்போது, 'நாட்டார் பாடல்' என்று பொதுவில் எழுதிவிடாமல், பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். பாடசாலை விழாவில் மிருதங்கத்தின் அருகே தப்புக்கும் இடம் கொடுங்கள்.

தோட்ட நிருவாகம் ஒரு மணி நேரத்தை இழக்குமே என்று கவலைப்படுவோர் உளர். ஒன்றரை நூற்றாண்டாக விடியற்காலைத் துயிலை இழந்தவர்களின் கணக்கை அவர்கள் முதலில் பார்க்கட்டும். வேலைக்கு எழுப்பிய தப்பு ஒரு நாளேனும் ஓய்வுக்கு அழைக்கட்டும். அந்த நண்பகலில் 'அனைவரும் வருக' என்று நாமும் சேர்ந்து அழைப்போம்.