பெயரைப் பிரித்தால் பயம் பிரியும்

வேதியியல் வகுப்பில் ஒரு நாள் என்னைப் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். 'டைகுளோரோடைபினைல்டிரைகுளோரோஈத்தேன்' என்ற பெயர் வந்தது. பாதியிலேயே மூச்சு நின்றது. 'பினைல்' என்பது 'பினாயில்' ஆயிற்று. வகுப்பே சிரித்தது! நம் பாட்டிமார் காலத்தில் கொசுவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் தெளித்த டி.டி.டி. மருந்தின் முழுப் பெயர்தான் அது.

இத்தகைய பெயர்களை நாம் உருப்போடுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இது வீண் உழைப்பு என்பதே என் கருத்து. நம் ராஜகிரிக் கோட்டையை ஒரே மூச்சில் ஏறுவார் உண்டோ? நின்று நின்றுதானே ஏறுகிறோம்! நீண்ட பெயரையும் அவ்வாறே ஏற வேண்டும்.

எங்கே நிற்பது? அதற்கு வழி தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரிக்க நன்னூல் கற்றுத் தந்தது அன்றோ? 'டை' என்றால் இரண்டு. 'டிரை' என்றால் மூன்று. டை-குளோரோ: குளோரின் இரண்டு. டை-பினைல்: ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையம் இரண்டு. டிரை-குளோரோ: குளோரின் மேலும் மூன்று. ஈத்தேன்: இரண்டு கார்பன் கொண்ட பகுதி. கூட்டிப் பாருங்கள்! குளோரின் 5, கார்பன் 14. பெயரே வாய்பாட்டைச் சொல்லிவிடுகிறது. மாறாக, மூச்சு முட்டிய இடத்தில் 'டைகுளோ-ரோடை' என்று நிறுத்தினால் பொருள் சிதைந்துவிடும்.

உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என ஓர் எழுத்து மாறும்போது, இரு கார்பன்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று என மாறுகிறது. எத்தனால், மெத்தனால் என்னும் பெயர்களுக்கு இடையே வேறுபாடு ஒரே ஒரு மெய்யெழுத்து. முன்னது கைகளைத் தூய்மை செய்யும் திரவங்களில் சேர்வது; பின்னது உள்ளே சென்றால் கண்ணையும் உயிரையும் பறிப்பது. 2023 மே மாதம் நம் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில் பல குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியது இந்த மெத்தனால்தானே! ஓர் எழுத்தென்று அலட்சியம் செய்யலாமா?

ஆகவே தோழியரே, நீண்ட பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதலில் பிரிப்போம், பொருள் அறிவோம், பின்பு உரக்கச் சொல்வோம். தடுமாறும் தோழியைப் பார்த்துச் சிரிப்பதை விடுத்து, "பிரித்துச் சொல்லடி, வந்துவிடும்" என்று ஊக்குவிப்போம்!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி