ஆறு பவுணுக்கு ஒரு கார்த்திகைப்பூ



கோடைச் சந்தையில் எங்கட ஸ்டோலுக்கு வந்து நிண்ட எல்லாருக்கும் முதலில் நன்றி. மத்தியானம் மழை பெய்தும் சனம் வந்தது. ஃபெல்ட் துணியில் செய்த கார்த்திகைப்பூ புறூச் 62 விற்றோம். ஒன்று 6 பவுண். மொத்தம் 372 பவுண். ஸ்டோல் வாடகை 85, துணி நூல் ஊசிச் செலவு 68 பவுண் 20 பென்ஸ். மிச்சம் 218 பவுண் 80 பென்ஸ், தடுப்பில் இருக்கிற அகதிகளுக்கான சட்ட உதவி நிதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு படத்தைப் போட்டு, "பெரு வெற்றி" என்று எழுதி முடித்துவிடுவோம். இந்த முறை அந்தக் கணக்கில் நாங்கள் எழுதாமல் விட்ட வரியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்.

சந்தை முடிந்த கிழமை, ஒரு புறூச் செய்ய எவ்வளவு நேரம் போகுது எண்டு பார்க்க நானே ஒன்று தைத்துப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் போனது. இதழெல்லாம் வாடின மாதிரி வந்தது. சரி, எனக்குக் கைவரவில்லை என்று, எங்களில் நல்லாத் தைக்கிற அன்ரிக்குப் பக்கத்தில் இருந்து போனில் நேரம் பிடித்தேன். மஞ்சளிலும் சிவப்பிலும் இதழ் வெட்ட 15 நிமிடம். காந்தள் இதழின்ர ஓரம் நெளிஞ்சிருக்கும், அதனால ஓரத்தில் நூல் ஓட்டி மெல்லச் சுருக்கி இழுக்க வேணும். ஆறு இதழுக்கும் அதற்கு 30 நிமிடம். இதழ்களை மேல் நோக்கி மடித்து நடுவில் பொருத்தி, மகரந்தத்துக்கு ஆறு நூல் விட 15. பின்பக்கம் வட்டத் துணி வைத்து ஊசி தைக்க 10. எல்லாம் சேர்த்து 70 நிமிடம். அன்ரி இடையில் ஒருக்காலும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

62 புறூச்சுக்கு 72 மணித்தியாலமும் 20 நிமிடமும். மிச்சம் வந்த காசை அதால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 3 பவுண் 2 பென்ஸ். 2025 ஏப்ரலில் இந்த நாட்டில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 12 பவுண் 21 பென்ஸ். அந்தக் கூலியைப் போட்டுப் பார்த்தால், 883 பவுண் பெறுமதியான வேலையைச் செலவழித்து 218 பவுண் எடுத்திருக்கிறோம். அந்த 3 பவுண் 2 பென்ஸ் கூடத் தைத்தவர்களின் கைக்குப் போகவில்லை. அவைக்குக் கிடைச்சது தேத்தண்ணியும் ரோல்ஸும். அந்தத் தேத்தண்ணியையும் அவைதான் போட்டவை.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் யார்? ஒக்ஸ்போர்ட் ஸ்ட்ரீற் உடுப்புக் கடைகளுக்கு முன்னால் துண்டுப்பிரசுரம் குடுத்த ஆக்கள். 1978இல் திறந்த கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தைப் பற்றி, அங்கே 2011இல் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிரான போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ரொஷேன் சானகவைப் பற்றிக் கூட்டம் போட்டுக் கதைத்த ஆக்கள். யுத்தம் முடிந்த பிறகு கிளிநொச்சியில் திறந்த தையல் தொழிற்சாலைகளில் எங்கட சொந்தக்காரப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். எங்கட பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போட்ட கேள்வி என்ன? "இந்தச் சட்டையின் விலையில் தைத்தவளுக்கு எவ்வளவு?" அதே கேள்வியை எங்கட மேசைக்கு முன்னால் யாராவது வந்து கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருக்கக்கூடிய பதில்: ஒண்டும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் எங்கட வாசிப்பு வட்டத்தில் சில்வியா ஃபெடரிச்சி 1975இல் வீட்டுவேலைக்கான கூலியைப் பற்றி எழுதின சின்னப் புத்தகத்தை வாசித்தோம். வீட்டில் பெண் செய்கிற வேலைக்கு அன்பு என்று பெயர் வைத்தால் அதற்குக் கூலி கேட்க முடியாமல் போய்விடும் என்பதுதான் அதன் அடிப்படை. இரண்டு மணித்தியாலம் சூடாக விவாதித்தோம். அதே நேரம் பக்கத்து அறையில் ஐந்து பெண்கள் எங்கட நிதிக்காக இதழ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த கதவு பூட்டிக் கிடந்தது, சத்தம் வருகுது என்று நாங்கள்தான் பூட்டினோம்.

கணக்கை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடமே காட்டினேன். நேரம் பிடித்த அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு தாறதெண்டா நான் வரமாட்டன் பிள்ளை. கூலிக்குத் தைக்கிறதெண்டா எங்கயும் தைச்சிருப்பன். நான் இஞ்ச வாறது நாலு பேரோட இருந்து கதைக்க" என்றா. இதை நான் லேசாக எடுக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து போன வீட்டில் தனிய இருக்கிற ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தையல் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றிலும் விலைச்சீட்டை ஒட்டுவது எங்கட அரசியல் இல்லை.

ஆனால் அண்டைக்கு இரவு இன்னொருவர் எனக்குத் தனியாகப் போன் எடுத்தா. விடிய நாலரைக்கு எழும்பி அலுவலகம் கூட்டித் துடைக்கப் போகிறவ. முழுக் கதையிலும் வாய் திறக்காதவ. "குறை நினைக்காதையுங்கோ, பஸ் காசாவது தரேலுமோ?" என்று கேட்டா. அவ்வளவுதான். இரண்டு வருடமாகத் தன்ர காசில் பஸ் ஏறி வந்து எங்களுக்குத் தைத்துத் தந்திருக்கிறா. மற்ற அன்ரிமார் சும்மா செய்யேக்க தான் மட்டும் காசு கேட்கிறது எப்படி என்று யோசித்திருக்கிறா. ஒருவரின் தாராள மனசு மற்றவரின் வாயைக் கட்டிப்போட்டது. அதைக் கவனிக்க வேண்டியது அந்த அன்ரியின் வேலை இல்லை, எங்கட வேலை.

சரி, அப்ப விலையைக் கூட்டுவம் எண்டு நினைப்பீர்கள். கூட்டிப் பார்ப்போம். 70 நிமிடத்துக்கு அந்த 2025 ஏப்ரல் குறைந்தபட்சக் கூலிப்படி 14 பவுண் 25 பென்ஸ். சாமான் 1 பவுண் 10 பென்ஸ். ஸ்டோல் வாடகைப் பங்கு 1 பவுண் 37 பென்ஸ். கிட்டத்தட்ட 17 பவுண். நிதிக்கு ஒரு சதமும் சேர்க்காமல் இது. எங்கட சந்தைக்கு வருகிற ஒரு மாணவன், பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிற ஒரு தாய் 17 பவுண் குடுத்துப் புறூச் வாங்குவார்களா?

இது புதுப் பிரச்சினை இல்லை. வில்லியம் மொரிஸ் பிறந்த வோல்தம்ஸ்ரோ, ஈஸ்ற் ஹாமில் இருந்து கொஞ்சத் தூரம்தான். அவர் பேரில் அங்கே ஒரு கலைக்கூடமும் இருக்கிறது. 1880களில் சோசலிஸ்ற்றாகி, சோசலிஸ்ற் லீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரானவர். கைவேலையில் செய்பவருக்குச் சந்தோசம் இருக்க வேணும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். ஆனால் அவருடைய நிறுவனம் செய்த துணிகளையும் விரிப்புகளையும் பணக்காரரால்தான் வாங்க முடிந்தது. அது அவருக்கே தெரியும், அதை நினைத்து நொந்தும் இருக்கிறார். நேர்மையான விலை போட்டால் எங்கட ஆக்களால் வாங்கேலாது. எங்கட ஆக்கள் வாங்கக்கூடிய விலை போட்டால் தைக்கிறவளுக்குக் கூலி இல்லை. இதை ஒரு ஸ்டோல் தீர்த்துவிடாது.

விலையைக் குறைவாகப் போட்டால் பாதிக்கப்படுவது எங்கட அன்ரிமார் மட்டும் இல்லை. 6 பவுண் என்ற விலையை நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்று நினைவிருக்கா? பக்கத்துக் கடைகளில் தொங்குகிற ஃபெல்ட் பூவின் விலையைப் பார்த்துத்தான். அந்தப் பூக்களில் நிறைய நேபாளத்தில் பெண்கள் கையால் உருட்டிச் செய்தவை. கம்பளியைச் சுடுதண்ணியும் சவுக்காரமும் போட்டு உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து இறுகப் பண்ணுகிற வேலை. கை விரல் ஊறிப்போகும். அவர்களோடு விலையில் போட்டி போட்டோம், அதுவும் எங்களுக்குக் கூலிச் செலவே இல்லாமல். கூலியை ஆர் கீழே இறக்கிறது எண்டு கேட்டால், அந்த வரிசையில் நாங்களும் நிற்கிறோம்.

ஆனால் இயக்கத்துக்காகத் தைத்து விற்பதை வேறு விதமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். சிலியில் 1973 செப்ரெம்பரில் பினோசே ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும், வேலை இழந்த குடும்பங்களின் பெண்களும் சந்தியாகோவில் கூடித் தைத்தார்கள். சாக்குத் துணியில் பழைய உடுப்புத் துண்டுகளை வைத்துத் தைத்த படங்கள், பேர் அர்ப்பியேரா. பொதுச் சமையல், மூடிக்கிடக்கிற தொழிற்சாலை, "எங்கே அவர்கள்?" என்று கேட்டு நிற்கிற பெண்கள், இவைதான் படம். 1976இல் தொடங்கிய கத்தோலிக்கத் திருச்சபையின் விக்கரியா என்ற மனித உரிமை அமைப்பு அவற்றை அந்தப் பெண்களிடம் காசு குடுத்து வாங்கி, நாட்டுக்கு வெளியே அனுப்பியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நாடு கடந்திருந்த சிலி மக்களும் ஆதரவுக் குழுக்களும் விற்றார்கள். அந்தக் காசில் வீடுகளில் அடுப்பெரிந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விசயம்: பல அர்ப்பியேராக்களின் பின்பக்கம் ஒரு சின்னப் பை தைத்திருக்கும். அதற்குள் மடித்த ஒரு காகிதம். தைத்தவள் தன் கையால் எழுதினது, இந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று. வாங்கிறவர் துணியோடு சேர்த்து அவளின் பேச்சையும் வாங்கினார். எங்கட புறூச்சின் அட்டையில் என்ன இருந்தது? எங்கட கூட்டின் இலச்சினையும் இன்ஸ்ரகிராம் பேரும்.

கிழமை முழுக்கக் கதைத்துச் சண்டை பிடித்து, தைக்கிறவர்களையும் வைத்துக்கொண்டு எடுத்த முடிவுகள் இவை. அடுத்த சந்தையில் இருந்து நடைமுறை.

ஒன்று, மேசையில் ஒரு கொப்பி இருக்கும். வெட்டுறது, தைக்கிறது, தேத்தண்ணி போடுறது, ஸ்டோலில் நிக்கிறது எல்லாவற்றுக்கும் நேரம் எழுதப்படும். வாசிப்பு வட்டக்காரர் கப் கழுவுற நேரத்தையும் சேர்த்து. போய்வர பஸ் காசு எல்லாருக்கும் உண்டு, கேட்கத் தேவையில்லை.

இரண்டு, விற்ற காசில் முதலில் தைத்தவர்களின் கூலி, அதற்குப் பிறகுதான் நிதி. கூலி வேண்டாம் என்கிறவருக்கும் முதலில் கையில் குடுப்போம். அவ அதை நிதிக்குத் தந்தால், நன்கொடை தந்தவர் என்று அவவின் கணக்கில் எழுதுவோம். கோபித்த அன்ரி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான்தான் உங்கட பெரிய டோனர்" என்று சிரிச்சா. உண்மைதான், இரண்டு வருடமாக.

மூன்று, சந்தைக்குச் சின்னப் பொருட்கள் செய்வோம். 25 நிமிடத்தில் முடிகிற புத்தக அடையாளம் ஒன்றைச் செய்து பார்த்தோம். முழுக் கூலியும் சாமானும் ஸ்டோல் பங்கும் சேர்த்து 7 பவுண். கார்த்திகைப்பூ முற்பதிவுக்கு மட்டும், 17 பவுண். தைத்தவர் விரும்பினால் அட்டையில் அவரின் பேர், எத்தனை நிமிடம், எவ்வளவு கூலி என்று இருக்கும். பிள்ளைகளுக்கான ஃபெல்ட் யானை இப்போதைக்கு இல்லை. விளையாட்டுப் பொருள் விற்பதற்குப் பாதுகாப்புச் சோதனையும் அதற்கான குறியும் வேணும், அது இல்லாமல் இவ்வளவு நாள் விற்றது எங்கட பிழை.

நான்கு, காசு குடுக்க முதல் ஒவ்வொருவரோடும் தனியாகக் கதைப்போம். இப்படிச் சுயமாக உழைக்கிற வருமானத்தில் வருடத்துக்கு 1000 பவுண் வரைக்கும் வரி இல்லை. ஆனால் அரச உதவி எடுக்கிறவருக்கு அது கணக்கில் சேரலாம், மாணவர் விசாவில் இருக்கிறவருக்குச் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாமல், வேலை அனுமதி இல்லாமல் இருக்கிறவர்களுக்கு நாங்கள் காசு குடுக்கேலாது. ஆகவே அவர்களின் கைவேலையை எடுத்து விற்கவும் மாட்டோம். அவர்கள் வரலாம், இருக்கலாம், தைக்கலாம், தைத்ததைத் தங்களுக்கே கொண்டு போகலாம்.

இதால் நிதி குறையும். முதல் சந்தையில் ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம். சட்ட உதவிக்குக் காசு அவசரம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேசையில் ஒரு உண்டியல் வைத்து நேராகக் கேட்போம். மாதம் 5 பவுண் தரக்கூடியவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. 40 பேர் தந்தால் மாதம் 200 பவுண். 72 மணித்தியாலம் இதழ் சுருக்கி எடுத்த காசுக்குக் கிட்டத்தட்டச் சமன்.

வேறு ஊர்களில், ரொறன்ரோவில், பாரிசில், ஒஸ்லோவில் ஸ்டோல் போடுகிற தோழர்கள் உங்கட கணக்கையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. எங்கட கணக்கில் பிழை இருந்தாலும் சொல்லுங்கோ. தையல் வழமைபோல ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. நடுக்கதவு திறந்திருக்கும். கத்தரிக்கோல் இருந்தால் கொண்டு வாங்கோ, எங்களிடம் இரண்டுதான் வெட்டுது.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக